ஒட்டினவங்க யாரோ, சுரண்டறது நான்

ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு ஒரு செகண்டு போதும், அத எடுக்கறதுக்குள்ள முதுகெலும்பு கழண்டுடும். அந்த எடுக்கற வேலைதான் என் தொழில். கதவு, கண்ணாடி, பீரோ, ஃப்ரிட்ஜ், டைல்ஸ், எவர்சில்வர் குண்டான்னு எதுல ஒட்டிகினு இருந்தாலும் சரி. ஸ்டிக்கரோ, டேப்போ, அது கிழிஞ்சி போன பின்னாடி நிக்கற பிசுக்கோ, கூப்ட்டா வந்து எடுத்துக் குடுப்பேன். பேரு கௌதமி, வீடு தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊர்ல, சாம்பியன் ரீப்ஸ் பக்கம். கூட வாளி தூக்கிகினு வரது எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி சுமதி.

இதுக்கு முன்னாடி பெங்களூர்ல ஒரு பெரிய ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங். கோழி கூவறதுக்கு முன்ன ரயில் ஏறணும். நின்னுகினே போயி, நின்னுகினே வந்து, முட்டி ரெண்டும் போச்சு. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஆபீஸ் கண்ணாடில எதையாவது ஒட்டுவாங்க, மறுநாள் நான் எடுப்பேன். அங்க கத்துகினத நம்பித்தான் ரயில விட்டேன். இந்தப் பொழப்பு போச்சுன்னா மறுபடியும் அந்த ரயில்தான். அது மட்டும் வேணாம்னுதான் இவ்ளோ ஜனங்களோட மல்லுக்கட்டிகினு இருக்கேன்.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு தனி வினை வேற. தங்கத்தப் பிரிச்சி எடுத்துட்டுக் கொட்டின சயனைட் மண்ணு மேட்டுலேர்ந்து காத்துல பறந்து வர தூசி நேரா போயி அந்தப் பிசுக்குலதான் உக்காந்துக்கும். மத்த ஊர்ல அது வெறும் கோந்து, இங்க அது உப்புத்தாள். மொதல்ல ஈரத்துணி போட்டு மண்ண எடுக்கணும். அப்புறம் எண்ணெய் தடவி ஊற வெக்கணும். அதுக்கப்புறம் காலாவதியான ஏ.டி.எம். கார்டால மெதுவா தள்ளணும். காஞ்ச மேனிக்குத் தேச்சா கீறல் விழும், கீறல் விழுந்தா என் பேர் போகும். இத ஊர் முழுக்க சொல்லியாச்சு. காதுல வாங்கினா தானே?

அடுத்தவங்க வீட்டு வாசல் ஏறிப் பொழைக்கிற என் கூட்டாளிங்களே, இதெல்லாம் உங்களுக்காகத்தான் சொல்றேன். வேலை குடுக்கறவங்க படிச்சா கோவம் வரும். வரட்டுமே, இன்னா இப்போ?

ஊறணும்னா ஊறணும்

மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு புது வீடு. சமையல்கட்டு கப்போர்டு கதவுங்க மேல கடைக்காரன் ஒட்டி அனுப்பின பிளாஸ்டிக் பேப்பர். பால் காய்ச்சினப்பவே உரிச்சிருக்கணும். "அழுக்காயிடும்"னு விட்டு வெச்சிருக்காங்க. அடுப்புச் சூட்டுல அது தோலு மாதிரி ஒட்டிகிச்சு. அழுக்காவக் கூடாதுன்னு விட்ட பேப்பரே அழுக்காயி, ஓரமெல்லாம் கறுத்து, பாக்க சகிக்கல. அதுக்கப்புறம்தான் என் நம்பர தேடறாங்க.

சூடு காட்டி பேப்பர உரிச்சோம். அடியில இருந்த கோந்துக்கு எண்ணெய் தடவிட்டு ரெண்டு பேரும் தரைல உக்காந்தோம். ஊற வெக்கறதுதான்யா வேலையே! அத விட்டுட்டு பரபரன்னு சுரண்டினா கதவோட மேல்பூச்சும் சேந்து வந்துடும். ஆனா வீட்டம்மாவுக்கு நாங்க உக்காந்திருக்கறது மட்டும்தான் கண்ணுல படுது. மொதல்ல எட்டிப் பாத்தாங்க. அப்புறம் இடுப்புல கை வெச்சிகினு நின்னாங்க. கடைசில ஒரு முறம் நிறைய முருங்கைக் கீரைய கொண்டாந்து எங்க முன்னால வெச்சி சொன்னாங்க:

"சும்மாதானே உக்காந்துகினு இருக்கீங்க, இத ஆஞ்சி குடுத்துடுங்களேன்."

நட்சத்திரம் போயிடுமாம்

இவரு அரசாங்க வேலைல இருந்து ரிட்டயர் ஆன ஆளு. ஃப்ரிட்ஜ் முழுக்க பேரப்புள்ள ஒட்டின கார்ட்டூனு. எல்லாத்தையும் எடுத்தாச்சு, கதவு பளபளன்னு வந்துடுச்சு. நடுவுல கம்பெனி ஒட்டின நட்சத்திர ஸ்டிக்கர் மட்டும் ஓரமெல்லாம் சுருண்டு, எழுத்தெல்லாம் வெளுத்துப்போயி, சொறி புடிச்ச மாதிரி நின்னுகினு இருந்துச்சு. அதையும் எடுத்துடறேன்னு கைய நீட்டினேன். மனுஷன் பதறிட்டாரு. கதவுக்கும் எனக்கும் நடுவுல வந்து நின்னுகிட்டாரு. "அய்யா, இது கடைல பாத்து வாங்கறதுக்காக ஒட்டினது, வீட்டுக்கு வந்ததும் இதுக்கு வேலை இல்ல"ன்னு நானும் சொல்லிப் பாத்தேன். அவரு என்ன ஒரு பார்வ பாத்தாரு பாருங்க, ஏதோ கறவ மாட்டு மடியில கை வெச்சிட்ட மாதிரி.

"நீ பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவம்மா, நாளைக்கி கரண்ட் பில்லு ஏறினா யாரு கட்றது?"

பேரு மட்டும் போகணும்

ஒரு நாள் காலைல எங்க லைன் கடைசி வீட்டு மல்லிகாம்மா கட்டப்பை தூக்க முடியாம தூக்கிகினு வந்தாங்க. உள்ள பாத்தா எல்லாம் சுவர்க் கடிகாரம். போன வருஷம் அவங்க மவன் புது வீடு கட்டி பால் காய்ச்சினப்ப வந்த அன்பளிப்பு. எங்க ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்ல. கடிகாரம் குடுத்தா அது கண்ணாடி மேலயே "அன்புடன் இன்னார்"னு ஸ்டிக்கர் எழுத்துல ஒட்டித்தான் குடுப்பாங்க. குடுத்தவங்க பேரு மணிக்கு மணி தெரியணுமாம். இப்ப சொந்தத்துல வரிசையா கல்யாணம். பேர மட்டும் எடுத்துட்டா ஒவ்வொண்ணா வேற வீட்டுக்குத் தள்ளிடலாம்னு மல்லிகாம்மா கணக்கு.

சரி, எனக்கு இன்னா வந்துச்சு, வேலை வேலைதானே? ஒண்ணொண்ணா எடுத்து ஈரத்துணி போட்டேன். மூணாவது கடிகாரத்த திருப்பினா, "அன்புடன் கௌதமி குடும்பத்தார், சாம்பியன் ரீப்ஸ்"னு இருக்கு! நானும் சுமதியும் கடை கடையா ஏறி இறங்கி, நீலக் கலர் வேணாம் தங்கக் கலர் வேணும்னு தேடி வாங்கினது. எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு. கடிகாரத்த அவங்க பக்கம் திருப்பிக் காட்டினேன். வெக்கப்படுவாங்க, ஏதாச்சும் சமாளிப்பாங்கன்னு பாத்தா, மல்லிகாம்மா எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டு சிரிக்கறாங்க:

"அட, உன்னுதா? அப்ப உனக்கு சுலபமா வந்துடும் பாரு, ஒட்டினதே நீதானே!"

தோசத் திருப்பி

இப்ப சொல்லப்போறதுதான் என் வயித்துல அடிச்ச சங்கதி. பின்னாடி லைன்ல அம்சவேணின்னு ஒரு பொண்ணு. புருஷன் பெங்களூர்ல வேலை, ரயில்ல போயி வர ஆளு. மாமியார் கூட இருக்காங்க. அந்தம்மா வாய்க்கு பயந்து தபால்காரன்கூட அந்த லைன்ல சைக்கிள் பெல் அடிக்க மாட்டான். தவணைல புது ஃப்ரிட்ஜ் வாங்கி, செவப்பு கலர், இன்னும் தவணையே முடியல, அதுல அம்சவேணி பையன் கைக்கு எட்டற வரைக்கும் ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிட்டான்.

நான் போனப்ப ஸ்டிக்கருங்க பாதி கிழிஞ்சி, பிசுக்கு மேல மண்ணு ஏறிக் கறுத்து நின்னுச்சு. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்ன டார்ச்ச சாய்ச்சி அடிச்சிப் பாக்கறது என் வழக்கம். எங்க நைனா சுரங்கத்துல இருந்தப்ப, ஷிப்டுக்கு எறங்கினதும் மொதல்ல தலைக்கு மேல இருக்கற பாறையத் தட்டிப் பாத்துட்டுத்தான் கை வெப்பாராம். அது மாதிரிதான். டார்ச் அடிச்சா, பிசுக்குக்கு அடியில நீட்டமா கோடு கோடா கீறல். "இன்னாமே இது?"ன்னேன். "தோசத் திருப்பில சுரண்டிப் பாத்தேங்க்கா, வரல"ன்னு தலைய சொறிஞ்சா. "பாத்துக்கோ மே, இது நான் வரதுக்கு முன்னாடியே இருக்கு"ன்னு சொன்னேன். "தெரியும்க்கா, தெரியும்க்கா"ன்னு ரெண்டு வாட்டி சொன்னா. சுமதியும் கூட நின்னு கேட்டுகினுதான் இருந்தா.

கோந்து மொத்தமும் போச்சு. கதவு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. அழுக்கு மூடி வெச்சிருந்த கீறலு அப்பதான் நல்லா பளிச்சுனு தெரியுது. அந்த நேரம் பாத்து மாமியார் உள்ள வந்தாங்க. "இன்னாடி இது கோடு?"ன்னு ஒரு சத்தம். அம்சவேணி கதவப் பாத்தா, மாமியாரப் பாத்தா, அப்புறம் என்னப் பாத்தா. பாவி, கண்ணுகூட சிமிட்டல:

"இவங்க வந்துட்டுப் போறதுக்கு முன்னாடி நல்லாதான் இருந்துச்சி அத்தே."

நான் இன்னும் அங்கயேதான் நின்னுகினு இருந்தேன்!

குரூப்புல ஏறிடுச்சு

எங்க பக்கத்துப் பொம்பளைங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. தண்ணி வரது, சிலிண்டர் வரது, யாரு வீட்டுப் பொண்ணு யாரோட பைக்ல வரதுன்னு எல்லாம் அதுலதான் ஓடும். மாமியாரம்மா கீறல போட்டோ புடிச்சி அதுல போட்டு, கூடவே அழுகக் குரல்ல ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பிட்டாங்க. நானும் அதே குரூப்புலதான் இருக்கேன், அதுகூட யாருக்கும் ஞாபகம் இல்ல. ஒருத்தி அழுவற பொம்ம போட்டா. ஒருத்தி "அய்யோ புது ஃப்ரிட்ஜ்"னா. கடிகாரத்து மல்லிகாம்மா, "எங்க கடிகாரத்துலயும் நிழல் மாதிரி பேரு தெரியுது"ன்னு சேத்துவிட்டாங்க. நல்லா தெரியட்டும்! என் பேருதானே அது.

நான் நடந்தத நடந்த மாதிரி எழுதிப் போட்டேன். அதுக்கு ஒருத்தரும் பதில் போடல. கொஞ்ச நேரம் கழிச்சி யாரோ ரோஜாப்பூ படம் போட்டு குட் மார்னிங் சொன்னாங்க. அவ்ளோதான். சுரங்கத்துல ஆளுங்கள எறக்கற கேஜ் அறுந்த மாதிரி என் பேரு சரசரன்னு எறங்கிடுச்சு. ஜன்னல் கண்ணாடி சுத்தம் பண்ண என்கிட்ட சொல்லி வெச்சிருந்த ஒரு கல்யாண வீட்டுக்காரங்க ஃபோன் பண்ணி, ஜன்னலுங்கள அவங்களே பாத்துக்கறதா சொல்லிட்டாங்க. அடுத்து ஃபோனே வரல. வாளி காஞ்சி போயி மூலைல கிடக்குது. சாயங்காலம் ரயில் கூவற சத்தம் கேட்டாலே எனக்கு முட்டி வலிக்க ஆரம்பிச்சிடும். சத்தியமா அழுதேன், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. பக்கத்துல உக்காந்து பாத்துகினே இருந்த சுமதி, ஆறுதல் சொல்லுவான்னு நெனச்சா, கேட்டா:

"அண்ணி, ட்ரெயின் பாஸுக்குக் குடுக்க உங்ககிட்ட போட்டோ இருக்கா?"

முகத்துக்கு நேரா

அந்த சமயத்துல வந்த ஒரே வேலை எங்க ஊர்லயே இருக்கற பாலகாட் சுரங்கப் பக்கத்துலேர்ந்து. கூப்ட்டவரு பென்ஷன் வாங்கற பெரியவர், சுரங்கத்துல மேஸ்திரியா இருந்தவரு. அவர்ட்ட இருக்கறது பட்டன் ஃபோனு, குரூப்பு கிரூப்பு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கூப்ட்டாரு. பீரோக் கண்ணாடில பாத்தா ஊருப்பட்ட ஸ்டிக்கர் பொட்டு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரு சம்சாரம் தெனமும் படுக்கப் போறப்ப நெத்திலேர்ந்து எடுத்து ஒட்டினது. "சவரம் பண்ணிக்க முடியலம்மா, எங்க பாத்தாலும் பொட்டு. அவ மவ ஊட்டுக்குப் போயிருக்கா, வரதுக்குள்ள எல்லாத்தையும் வழிச்சி எடுத்துடு. ஒண்ணு நிக்கக் கூடாது"ன்னு உத்தரவு.

பழைய பொட்டு கல்லு மாதிரி. சின்னது, பெரிசு, வாழப்பூ கலரு, பச்சை, கல்லு வெச்சது எல்லாத்தையும் ஊற வெச்சி எடுத்து ஒரு கிண்ணத்துல போட்டோம். கடைசில ஸ்பிரிட்டு போட்டு துடைச்சதும் கண்ணாடி தெளிஞ்ச தண்ணியாயிடுச்சு. பெரியவர் முன்னாடி வந்து நின்னாரு. கன்னத்தத் தடவிப் பாத்தாரு. கழுத்தத் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் கிண்ணத்த எட்டிப் பாத்துட்டு மெதுவா கேட்டாரு:

"முகத்துக்கு நேரா இருந்ததுங்கள மட்டும் திரும்ப ஒட்ட முடியுமாம்மா?"

விளக்கு நகரல

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வாசல்ல மூச்சு வாங்கினு வந்து நிக்கறது யாரு? அம்சவேணி! தலமுடி கலஞ்சி, முகம் வெளிறி, "அக்கா, காப்பாத்துங்கக்கா"ன்னு கையப் புடிச்சிகிட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே ரெண்டு வெச்சிருப்பேன். சுமதிதான், "இன்னான்னு கேப்போம் அண்ணி"ன்னு இழுத்துகினு போனா. போயி பார்த்தா, சமையல் மேடைல மாமியாரோட பித்தளைக் குத்துவிளக்கு நிக்குது. நிக்குதுன்னா, அசைய மாட்டேங்குது. அடித்தட்டு மரை தேஞ்சி ஆடிகினு இருந்துச்சாம். இவ போயி உடனே ஒட்டற பசைய வாங்கி மரைல ஒரு டியூப்பு முழுக்க ஊத்தியிருக்கா. அது அடிவழியா ஒழுகி, விளக்கு கிரானைட்டு மேடையோட சேந்து ஒட்டிகிச்சு. மாமியார் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்க, சாயங்கால ரயில்ல எறங்கினதும் கை கால் கழுவிட்டு மொதல்ல ஏத்தறது அந்த விளக்குதான். பூஜை அறைல இருக்கறதுக்குப் பதிலா அது அடுப்புக்குப் பக்கத்துல ஊனி வெச்ச மாதிரி நிக்குது.

"தோசத் திருப்பி இருக்குமே, போட்டு நெம்பறதுதானே?"ன்னேன். தலைய குனிஞ்சிகிட்டா. பாத்தா, மேடை மேல நெளிஞ்சிபோன தோசத் திருப்பி கிடக்குது! பட்டும் புத்தி வரல பாருங்க. நான் தரைல உக்காந்துட்டேன். "இதோ பாரு மே, நான் எடுத்துக் குடுக்கறேன். ஆனா அந்தக் கீறல் யாரு போட்டதுன்னு மொதல்ல குரூப்புல போடு. அப்புறம்தான் என் பாட்டில் மூடி தொறக்கும்"னேன். அழுதா. மாமியார் கொன்னுடுவாங்கன்னா. "எனக்கு மட்டும் இன்னா, என் பொழப்பக் கொன்னுட்டியே"ன்னு கத்திட்டேன். கடிகாரத்தப் பாத்தா, விளக்கப் பாத்தா, கடைசில ஃபோன எடுத்து எழுதினா. அனுப்பிட்டேங்க்கான்னா.

அடுப்ப அணைக்கச் சொல்லிட்டு, அசிட்டோன்ல பஞ்ச நனைச்சி விளக்கு அடியச் சுத்தி அணை கட்டி, மேல பிளாஸ்டிக் கவர் சுத்தி ஊற வெச்சேன். ஊறற நேரத்துல யாரும் கீரை குடுக்கல, அதுவரைக்கும் சந்தோஷம். பஞ்சு மாத்தி மாத்தி வெச்சோம். பசை வெளுத்து எளகினதும், நைலான் நூல ஒரு முனை நானு ஒரு முனை சுமதின்னு புடிச்சிகினு அடியில விட்டு இப்டி அப்டி அறுத்தோம். "டக்"குனு ஒரு சத்தம், விளக்கு கைல வந்துடுச்சு. மேடைய துடைச்சா ஒரு வட்டம்கூட இல்ல. அம்சவேணி விளக்கக் கட்டிப் புடிச்சிகினு நின்னா.

அப்பதான் கல்யாண வீட்டுக்காரங்க ஃபோன் பண்ணாங்க. ஜன்னலுங்கள நாளைக்கே வந்து பாத்துக் குடுக்கணுமாம். "குரூப்புல பாத்தோம்மா, தப்பா நெனச்சிட்டோம்"னாங்க. எனக்கு உயிரே திரும்பி வந்துச்சு. ரயில் இல்ல, பாஸ் இல்ல, முட்டிக்கு விடுதலை! சந்தோஷத்துல, அப்படி இன்னாதான் எழுதினான்னு சுமதிய படிக்கச் சொன்னேன். சுமதி படிச்சா: "ஃப்ரிட்ஜ் கீறல் கௌதமி அக்கா போட்டது இல்ல. அது எங்க வீட்டுப் பூனை போட்டது. அக்கா வேலை சூப்பர்." அதுக்கு அடியில மாமியார் ரயில்லேர்ந்தே பதில் போட்டிருக்காங்க: "நம்ம வீட்ல ஏதுடி பூனை?"

நான் அம்சவேணியப் பாத்தேன். அவ விளக்க பூஜை அறைல வெச்சிட்டு ஓடி வந்து, மறுபடியும் என் கையப் புடிச்சிகினா:

"அக்கா, அவங்க ஸ்டேஷன்லேர்ந்து வரதுக்குள்ள எங்கியாச்சும் ஒரு பூனை கிடைக்குமாக்கா?"

ஆக, கல்லுல ஒட்டின பித்தளையக்கூட பஞ்சும் நூலும் வெச்சி எடுத்துட்டேன், ஆனா ஒரு மனுஷி வாயிலேர்ந்து "நான்தான் பண்ணேன்"ங்கற ரெண்டு வார்த்தைய எடுக்கறதுக்கு எந்தக் கடையிலயும் எண்ணெய் விக்கலங்க.